எஃப்5 போட்டு ஓட்டினால் மட்டும் கட்சீன் வீடியோவில் கேம் விழுகிறது, நேரடியாக ஓட்டினால் ஓடுகிறது

கூழாங்கல் | செவ்வாய், இரவு 10:40

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். உதவி தேவை.

எங்களுடையது நான்கு பேர் குழு. சி++-இல் சொந்த எஞ்சின், விண்டோஸ் 10, டைரக்ட்3டி 11, விஷுவல் ஸ்டுடியோ 2019. கட்சீன்கள் (கேமின் நடுவே வரும் கதைக் காட்சி வீடியோக்கள்) எல்லாம் 1080 வரி, விநாடிக்கு 30 ஃப்ரேம், எச்.264 எம்பி4. அவற்றை விண்டோஸின் வீடியோ நூலகமான மீடியா ஃபவுண்டேஷனின் சோர்ஸ் ரீடர் வழியாகத் திறக்கிறோம். அசிங்க்ரோனஸ் முறை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேம் தயாரானதும் அது நம் கால்பேக்கை (நாம் எழுதிக் கொடுத்த ஃபங்ஷனை) அழைக்கும். ஹார்ட்வேர் டீகோடிங் இல்லை. வரும் என்வி12 (வெளிச்சமும் நிறமும் தனித்தனித் தளமாக வரும் பட வடிவம்) ஃப்ரேமை நாங்களே நகலெடுத்து டெக்ஸ்சரில் (கிராஃபிக்ஸ் கார்டு வரையும் படத்தில்) ஏற்றுகிறோம்.

பிரச்சினை: எஃப்5 போட்டு, அதாவது டீபக்கர் (பிழை தேடும் கருவி) வழியாக ஓட்டினால் முதல் கட்சீன் தொடங்கி 3 முதல் 8 விநாடிக்குள் க்ராஷ். கண்ட்ரோல் எஃப்5 போட்டு டீபக்கர் இல்லாமல் ஓட்டினால் ஒன்றும் ஆவதில்லை, மணிக்கணக்காக ஓடும். பில்ட் ஒன்றேதான். ஆப்டிமைசேஷன் போட்ட, சிம்பல் உள்ள பில்ட். முழு டீபக் பில்டில் வீடியோ நகரவே மாட்டேன் என்கிறது, அதனால் அதில் யாரும் கட்சீன் பார்ப்பதில்லை.

பிழை எண் சி0000005, அக்சஸ் வயலேஷன். படிக்க முயன்ற முகவரி பதினாறு இடமும் எஃப். ஸ்டாக்கில் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலில்) மேலே நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி, அதற்குக் கீழே எங்கள் டெக்ஸ்சர் ஏற்றும் ஃபங்ஷன். முழுக்க எஃப் என்றால் மைனஸ் ஒன்று. அது எப்படி பாயிண்டருக்குள் (நினைவக முகவரி வைக்கும் மாறிக்குள்) வந்தது என்று தேடித் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. நாங்கள் எங்குமே மைனஸ் ஒன்றைப் பாயிண்டரில் வைப்பதில்லை.

இரண்டு முறை விஷுவல் ஸ்டுடியோவே உறைந்துபோய்க் கணினியை அணைத்துப் போட வேண்டியதாயிற்று. அதனால் டீபக்கரில்தான் கோளாறோ என்ற சந்தேகம் வந்து ரிப்பேர் இன்ஸ்டால் கூடச் செய்துவிட்டேன். மாற்றமில்லை.


மின்மினி | செவ்வாய், இரவு 11:05

இது கோடெக்கின் (வீடியோவை விரித்துக் கொடுக்கும் நிரலின்) வேலையாக இருக்கும். சில டீகோடர்கள் டீபக்கர் இருக்கிறதா என்று பார்த்து வேண்டுமென்றே விழும். பதிப்புரிமைப் பாதுகாப்புக்காக அப்படிச் செய்வார்கள். நான் முன்பு டிவிடி ஓட்டும் மென்பொருள் ஒன்றில் வேலை செய்தபோது டைரக்ட்ஷோ ஃபில்டர் ஒன்று இப்படித்தான் செய்தது. கடைசிவரை டீபக்கர் இல்லாமல் லாக் எழுதியே வேலையை முடித்தோம். நீங்களும் கட்சீனைத் தவிர்த்துவிட்டு மற்றதை டீபக் செய்யுங்கள்.


தறிநாடா | செவ்வாய், இரவு 11:20

கூழாங்கல் குழுவில்தான் நானும் இருக்கிறேன். ஒரு தகவல் சேர்க்கிறேன்: என் கணினியில் எஃப்5 போட்டாலும் க்ராஷ் வருவதில்லை. அதே கோட், அதே வீடியோ, அதே விஷுவல் ஸ்டுடியோ பதிப்பு. கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் வேறு. அதனால் டிரைவர்தான் காரணம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.


பழைய_பைட் | புதன், காலை 6:15

தம்பி, முதலில் மூன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் எல்லோரும் "டீபக்கர் க்ராஷ்" என்றே சொல்கிறோம், அதில்தான் நாட்கள் போகின்றன. டீபக்கர் நிரலே செத்துப்போவது ஒன்று. டீபக்கருக்குள் கேம் சாவது ஒன்று. கேம் சாகாமல், டீபக்கர் அதை நிறுத்திவைத்திருக்க, நாம் செத்துவிட்டதாக நினைப்பது ஒன்று.

நீங்கள் சொல்லும் உறைதல் மூன்றாவது வகை. கேம் எக்ஸ்க்ளூசிவ் முழுத்திரையில் ஓடுகிறதா? அப்படியானால் நடந்தது இதுதான்: கேமில் அக்சஸ் வயலேஷன் வந்தது, டீபக்கர் எல்லா த்ரெட்டையும் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளையும்) நிறுத்தியது, ஆனால் திரையைப் பிடித்திருந்த ஜன்னல் கேமுடையது. அந்த ஜன்னலை விலக்க வேண்டிய த்ரெட்டும் நின்றுவிட்டது. பின்னால் விஷுவல் ஸ்டுடியோ நல்லபடியாக உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை. கடைசியாக வந்த ஒலித்துண்டு திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருந்ததா? அதுவும் அதே காரணம்தான்.

ஜன்னல் முறையில் ஓட்டுங்கள். முழுத்திரை கட்டாயம் என்றால் இன்னொரு கணினியிலிருந்து ரிமோட் டீபக்கிங் செய்யுங்கள். விண்டோஸ் 95, 98 காலத்தில் இது இன்னும் மோசமாக இருந்தது. டைரக்ட்டிரா என்ற பழைய வரைகலை நூலகத்தில் ஒரு சர்ஃபேஸை (படப் பரப்பை) லாக் செய்தால் வின்16 மியூட்டெக்ஸ் என்ற, கணினி முழுவதற்குமான பூட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். லாக்குக்கும் அன்லாக்குக்கும் நடுவில் ப்ரேக்பாயிண்ட் (நிரலை அந்த வரியில் நிறுத்தும் குறி) வைத்தால் கணினி முழுக்க நிற்கும், மவுஸ் கூட நகராது. கேம் எழுதியவர்கள் மேசையில் இரண்டு கணினி வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று அந்த லாக் இல்லை. ஆனால் இரண்டு கணினியில் டீபக் செய்வது இன்றும் நல்ல பழக்கம்.

உங்கள் உண்மையான க்ராஷ் இரண்டாவது வகை. அதற்கு மூன்று கேள்விகள்.

கேமை நேரடியாக ஓட்டிவிட்டு, கட்சீன் வருவதற்கு முன் டீபக்கரை அட்டாச் செய்தால் க்ராஷ் வருகிறதா?

விழும்போது ரெஜிஸ்டர் (ப்ராசசர் கையில் வைத்திருக்கும் மதிப்புகள்) ஜன்னலைத் திறந்து மதிப்புகளை அப்படியே இங்கே எழுதுங்கள்.

டூல்ஸ், ஆப்ஷன்ஸ், டீபக்கிங், ஜெனரல் பக்கத்தில் விண்டோஸ் டீபக் ஹீப் அலொகேட்டரை (கேட்கும்போது நினைவகம் கொடுக்கும் ஹீப்பின் சோதனைப் பதிப்பை) இயக்கும் ஒரு குறி இருக்கும். உங்கள் கணினியிலும் தறிநாடா கணினியிலும் அது எப்படி இருக்கிறது?

மின்மினி சொன்னதும் உண்மையில் நடப்பதுதான். வணிக டிவிடி டீகோடர்கள் அப்படிச் செய்ததை நானும் பட்டிருக்கிறேன். ஆனால் இவர்களுடையது பூட்டு எதுவும் இல்லாத சொந்த எம்பி4. விண்டோஸோடு வரும் எச்.264 டீகோடர் அதற்காக டீபக்கரைத் தேடிக்கொண்டிருக்காது. தவிர, க்ராஷ் விழுந்த இடம் டீகோடருக்குள் இல்லை, அவர்களுடைய மெம்காப்பியில். கட்சீனைத் தவிர்த்துவிட்டுப் போகலாம் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. வாங்குபவர் கணினியில் இது ஒருநாள் விழும், அப்போது கையில் ஸ்டாக் கூட இருக்காது.


ஓலைச்சுவடி | புதன், காலை 9:30

இடையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வீடியோ திறக்கும்போது அவுட்புட் ஜன்னலில் வரிசையாக எக்செப்ஷன் வரிகள் வருமே, அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எறியப்படும் எந்த எக்செப்ஷனையும் விண்டோஸ் முதலில் டீபக்கருக்குத்தான் காட்டும். அதற்கு ஃபர்ஸ்ட் சான்ஸ் என்று பெயர். பிறகுதான் நிரல் அதைத் தானே பிடித்துச் சமாளிக்கும். கோடெக்குகள் உள்ளுக்குள் எறிந்து உள்ளுக்குள்ளேயே பிடிப்பது சாதாரணம். த்ரெட்டுக்குப் பெயர் வைப்பதற்குக் கூடப் பழைய முறையில் ஒரு எக்செப்ஷன்தான் எறிவார்கள், அதன் எண் 406டி1388. எல்லா எக்செப்ஷனிலும் நிறுத்து என்று குறி போட்டு வைத்திருந்தால் இவை எல்லாமே க்ராஷ் மாதிரி தெரியும். கன்டினியூ அழுத்தியதும் ஓடினால் அது க்ராஷ் இல்லை.


கூழாங்கல் | புதன், இரவு 8:50

பழைய_பைட் ஐயா, எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

உறைதல் நீங்கள் சொன்னதேதான். ஜன்னல் முறைக்கு மாற்றியதும் உறைவது நின்றுவிட்டது. ரிப்பேர் இன்ஸ்டாலில் ஒரு மாலை முழுக்கப் போனதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அட்டாச் செய்தால் க்ராஷ் வருவதில்லை. பத்து முறை பார்த்துவிட்டேன்.

ரெஜிஸ்டர்: மெம்காப்பியின் மூல முகவரி எஃப்இஇஇ எஃப்இஇஇ எஃப்இஇஇ எஃப்இஇஇ. ஆனால் பிழைச் செய்தியில் முழுக்க எஃப் என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஏன் வேறுபடுகின்றன?

டீபக் ஹீப் குறி: என் கணினியில் இயக்கத்தில் இருக்கிறது. எப்போதோ வேறொரு பிழைக்காகப் போட்டது, மறந்துவிட்டேன். தறிநாடா கணினியில் இல்லை.


பழைய_பைட் | புதன், இரவு 9:40

அவ்வளவுதான் தம்பி, பிடித்துவிட்டீர்கள். கிராஃபிக்ஸ் கார்டை விட்டுவிடுங்கள்.

முதலில் அந்த முகவரி விஷயம். 64 பிட்டில் ஒரு முகவரி செல்லுபடியாக அதன் மேல் பிட்டுகள் ஒரு ஒழுங்கில் இருக்க வேண்டும். எஃப்இஇஇ என்று தொடங்கும் முகவரி அந்த ஒழுங்கில் இல்லை. அப்போது ப்ராசசர் எந்த முகவரி என்று சொல்லாமலே பொதுவான ஒரு பிழையை எழுப்பும், விண்டோஸ் அதை முழுக்க எஃப் என்று காட்டும். ஆகவே உங்கள் பாயிண்டரில் மைனஸ் ஒன்று வந்ததே இல்லை. இந்தச் செய்தியை எப்போது பார்த்தாலும் நேராக ரெஜிஸ்டருக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது எஃப்இஇஇ. டீபக்கருக்குள்ளிருந்து தொடங்கும் நிரலுக்கு விண்டோஸ் வேறு மாதிரி ஹீப்பைக் கொடுக்கும். கேட்டு வாங்கிய புது இடத்தை வாசித்தால் "பேட் ஃபுட்" என்று வரும் ஒரு எண்ணால் நிரப்பும். அந்த இடத்தின் வால்பகுதியில் ஏபிஏபி என்று காவல் வைக்கும். விடுவித்த இடத்தை எஃப்இஇஇ என்று நிரப்பும். விஷுவல் ஸ்டுடியோ 2015 முதல் சி++ திட்டங்களுக்கு இதை இயல்பாகவே அணைத்துவிட்டார்கள், வேகம் குறைகிறது என்பதால். தறிநாடா கணினியில் க்ராஷ் வராததற்கு இதுதான் காரணம். அட்டாச் செய்யும்போது ஹீப் ஏற்கெனவே சாதாரணமாக உருவாகிவிட்டிருக்கும், அதனால் அதிலும் வராது. விண்டிபிஜி என்ற இன்னொரு டீபக்கரில் தொடங்கினால் இன்றும் இந்த ஹீப் இயல்பாகவே கிடைக்கும். வேண்டாம் என்றால் நோ-டீபக்-ஹீப் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 1 என்று வைக்க வேண்டும்.

சிடிசிடி, டிடிடிடி போன்றவை வேறு, அவை சி ரன்டைம் லைப்ரரியின் டீபக் பதிப்பு போடுபவை. சிடிசிடி என்றால் இன்னும் எழுதப்படாத இடம், டிடிடிடி என்றால் விடுவித்த இடம். உங்கள் பில்டில் அந்த லைப்ரரி இல்லாததால் அவை வராது.

ஆக, உங்கள் ஏற்றும் ஃபங்ஷன் ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட ஒன்றிலிருந்து பாயிண்டரைப் படிக்கிறது. டீபக்கர் இல்லாதபோதும் இதே தவறு நடக்கிறது, தினமும், ஒவ்வொரு கட்சீனிலும். அப்போது விடுவித்த இடத்தில் பழைய மதிப்பு அழியாமல் கிடப்பதால் தப்பிக்கிறீர்கள்.

ஃப்ரேம் எப்படி ஒரு த்ரெட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கை மாறுகிறது என்று எழுதுங்கள்.


கூழாங்கல் | புதன், இரவு 10:30

கால்பேக் மீடியா ஃபவுண்டேஷனின் வேலைத் த்ரெட்டில் வருகிறது. அதில் பிக்சல்களை எங்கள் பஃபர் ஒன்றில் நகலெடுக்கிறோம். பிறகு ஒரு சிறிய ஃப்ரேம் தகவல் ஸ்ட்ரக்ட்டை நியூ போட்டு உருவாக்குகிறோம்: பிக்சல் பாயிண்டர், ஸ்ட்ரைட் (ஒரு வரிக்கு எத்தனை பைட்), நேரம். அதை நான்கு இடமுள்ள க்யூவில் (வரிசையில்) போடுகிறோம். படம் வரையும் ரெண்டர் த்ரெட், லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டை) பிடித்து, க்யூவின் முன்னால் இருப்பதைப் பார்த்து, லாக்கை விட்டுவிட்டு டெக்ஸ்சரில் ஏற்றும். ஏற்றி முடித்ததும் மறுபடி லாக் பிடித்து அதை நீக்கி டிலீட் செய்யும். க்யூ நிரம்பிவிட்டால் கால்பேக்கே பழைய ஃப்ரேமை எடுத்து டிலீட் செய்துவிட்டுப் புதியதைப் போடும்.

எழுதும்போதே எனக்குத் தெரிகிறது. க்யூ நிரம்பும்போது கால்பேக் டிலீட் செய்யும் பழைய ஃப்ரேமும், ரெண்டர் த்ரெட் அப்போது ஏற்றிக்கொண்டிருக்கும் ஃப்ரேமும் ஒன்றே.


பழைய_பைட் | புதன், இரவு 10:45

ஆம். லாக்கை விட்ட பிறகு உங்கள் கையில் இருப்பது பாயிண்டர் மட்டும், பொருள் இன்னும் க்யூவுடையது. லாக்குக்குள்ளேயே க்யூவிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். யுனிக்_பிடிஆர் (ஒரே ஒருவருக்கு மட்டும் சொந்தமாகும் பாயிண்டர்) ஆக வைத்தால் யாரிடம் இருக்கிறது என்பதைக் கம்பைலரே பார்த்துக்கொள்ளும். பிக்சல் பஃபருக்கும் இதே விதி. நான்கு பஃபரைச் சுழற்றிப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ரெண்டர் த்ரெட் கையில் இருக்கும் ஒன்றையும் சேர்த்து ஐந்து வேண்டும். இல்லையென்றால் ஸ்ட்ரக்ட் பிழைத்துவிடும், அது சுட்டும் படம் பாதியில் மாறும்.

திருத்துவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். காரணம் இதுதானா என்பதைக் கண்ணால் பாருங்கள், ஊகத்தில் விடாதீர்கள். ஜிஃப்ளாக்ஸ் என்ற கருவியில் உங்கள் கேமுக்கு முழு பேஜ் ஹீப்பை இயக்குங்கள். ஒவ்வொரு சிறு இடத்துக்கும் தனிப் பக்கம், அதை ஒட்டித் தொட முடியாத ஒரு காவல் பக்கம். விடுவித்ததும் அந்த இடத்தையே தொட முடியாதபடி மூடிவிடும். விழுந்த பிறகு விண்டிபிஜி-யில் ஹீப் கட்டளைக்கு அந்த முகவரியைக் கொடுத்தால் யார் உருவாக்கினார்கள், யார் விடுவித்தார்கள் என்று இரண்டு ஸ்டாக்கையும் காட்டும். சில பைட் கேட்டாலும் குறைந்தது 8 கிலோபைட் முகவரி இடம் போகும், அதனால் 64 பிட் பில்டில் செய்யுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். அந்த அமைப்பு ரெஜிஸ்ட்ரியில் உட்கார்ந்துகொள்ளும், கணினியை மறுபடி தொடங்கினாலும் போகாது.


நிலவறை | வியாழன், காலை 11:10

இந்த இழையைப் படித்துத்தான் என் பிழையையும் பார்க்கப் போனேன், அதனால் இங்கேயே எழுதுகிறேன். எனக்கும் மீடியா ஃபவுண்டேஷன், எனக்கும் 1080 வரி. டீபக்கரில் ஓட்டினால் வீடியோ முடியும்போது ஹீப் சிதைந்தது என்று விழும், எண் சி0000374. ஸ்டாக்கைப் பார்த்தால் ஆடியோ மாட்யூலில் நிற்கும். இரண்டு வாரம் ஆடியோவைத் துருவிக்கொண்டிருந்தேன்.

பேஜ் ஹீப் போட்டதும் அதே நொடியில் வீடியோ நகலெடுக்கும் இடத்தில் விழுந்தது. எச்.264 படத்தை 16க்கு 16 கட்டங்களாகப் பிரிக்கிறது. 1080ஐ 16ஆல் வகுத்தால் 67.5. அதனால் டீகோடர் 68 கட்டம் எடுத்து 1088 வரி கொடுக்கிறது. காட்ட வேண்டிய பகுதி 1080 என்பதை மீடியா டைப்பில் அபர்ச்சர் என்ற இடத்தில் தனியாகச் சொல்கிறது. நான் அதைப் படிக்கவே இல்லை. 1080 வரிக்கு இடம் வாங்கி, டீகோடர் கொடுத்த முழு நீளத்தையும் அதில் கொட்டிவிட்டேன். என்வி12-இல் ஒரு பிக்சலுக்கு ஒன்றரை பைட். 1920, 1080, 1.5 பெருக்கினால் 31,10,400. 1088க்குப் பெருக்கினால் 31,33,440. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 23,040 பைட் அடுத்தவர் வீட்டில் எழுதியிருக்கிறேன். அடுத்த வீடு ஆடியோ. 

கூழாங்கல், நீங்களும் என்வி12 என்பதால் ஒன்றைப் பாருங்கள். நிறத் தளம் தொடங்கும் இடம் ஸ்ட்ரைட் பெருக்கல் 1088, ஸ்ட்ரைட் பெருக்கல் 1080 இல்லை. ஸ்ட்ரைடையும் அகலத்தையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். 1920க்குப் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும், ஒருநாள் வேறொரு அளவு வீடியோ வரும்போது மாட்டும்.


தறிநாடா | வியாழன், மதியம் 1:25

நிலவறை சொன்ன இரண்டையும் பார்த்தோம். அபர்ச்சரை நாங்கள் படிக்கிறோம். ஸ்ட்ரைடில் மட்டும் ஓரிடத்தில் அகலத்தைப் போட்டிருந்தோம், திருத்திவிட்டேன். நன்றி.

டிரைவர் என்று நான் சொன்னது தவறு. நேற்றிரவே என் கணினியில் அந்தக் குறியைப் போட்டேன். நான்காவது விநாடியில் விழுந்தது.


ஆறாம்விரல் | வியாழன், மாலை 4:00

எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்தமூல வீடியோ நூலகத்தை வைத்து எழுதுபவர்களுக்கும் இதே வகையில் ஒன்று. டீகோடருக்குக் கொடுக்கும் உள்ளீட்டு பஃபரின் முடிவில் கூடுதல் இடம் விட வேண்டும் என்று அதன் ஆவணத்திலேயே இருக்கிறது. இப்போதைய பதிப்புகளில் 64 பைட். பிட்களைப் படிக்கும் கோட் வேகத்துக்காக ஒரே தடவையில் 32 அல்லது 64 பிட் எடுப்பதால் முடிவைத் தாண்டிப் படிக்கும். சாதாரண ஹீப்பில் தெரியாது. பேஜ் ஹீப்பிலோ அட்ரஸ் சானிடைசர் என்ற நினைவகச் சோதனைக் கருவியிலோ உடனே விழும், பார்ப்பவர் லைப்ரரியில் பிழை என்று நினைப்பார். நானும் அப்படி நினைத்து அவர்களுக்குப் பிழை அறிக்கை எழுதும் அளவுக்குப் போய், ஆவணத்தைப் பார்த்த பிறகு நிறுத்தினேன்.

இன்னொன்று, ஹார்ட்வேர் டீகோடிங்குக்குப் போகும்போது: டைரக்ட்3டி 11 டிவைஸை டீகோடரோடு பகிர்ந்தால் அதில் மல்டித்ரெட் பாதுகாப்பை நீங்கள்தான் இயக்க வேண்டும். இல்லையென்றால் டீகோடர் த்ரெட்டும் உங்கள் ரெண்டர் த்ரெட்டும் ஒரே கான்டெக்ஸ்டில் மோதும். ஸ்டாக் டிரைவருக்குள் முடியும், டீபக்கரில் நேரம் மாறுவதால் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. எங்களுக்கு அது ஒரே ஒரு வரி விடுபட்டதால் வந்தது.


கூழாங்கல் | வியாழன், இரவு 11:55

பேஜ் ஹீப் காட்டிவிட்டது. உருவாக்கியது கால்பேக், விடுவித்ததும் கால்பேக், படித்தது ரெண்டர் த்ரெட். க்யூ நிரம்பும் அந்த ஒரு வரிதான். லாக்குக்குள்ளேயே வெளியே எடுக்கும்படி மாற்றி, பஃபரை ஐந்தாக்கிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கட்சீன்களைச் சுழற்றி ஓட்டினேன். விழவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோதிப்பவர் இரண்டு மாதமாக "வீடியோ சில நேரம் ஒரு கணம் துள்ளுகிறது" என்று எழுதிக்கொண்டே இருந்தார். எங்களால் அதை வரவழைக்கவே முடியவில்லை, என்கோடிங் என்று சொல்லி மூடிவிட்டோம். இன்றைக்குப் பிறகு அதுவும் இல்லை. டீபக்கர் இல்லாதபோது, விடுவித்த அதே இடத்தில் புது ஃப்ரேமின் தகவல் உட்காரும், ரெண்டர் த்ரெட் அதை எடுத்துக் காட்டும். ஒரு ஃப்ரேம் முந்திவிடும். அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். நாளை நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

இப்போது இரண்டு சந்தேகங்கள். கட்சீன் ஓடும்போது ஸ்கிப் அழுத்தினால் பத்தில் ஒரு முறை கால்பேக்கில் விழுகிறது. மற்றது, ப்ரேக்பாயிண்டில் 40 விநாடி நின்றுவிட்டுத் தொடர்ந்தால் வீடியோ அசைவற்று நின்று, பிறகு எங்கள் அசெர்ட் (இது உண்மையாக இருக்க வேண்டும் என்று கோடில் வைத்த சோதனை) ஒன்று விழுகிறது.


பழைய_பைட் | வெள்ளி, காலை 6:05

சோதிப்பவரிடம் சொல்வது நல்ல காரியம் தம்பி.

ஸ்கிப்: அசிங்க்ரோனஸ் முறையில் ஃப்ளஷ் (மிச்சம் இருப்பதைக் கைவிடு) என்று சொன்னவுடனே ஃப்ளஷ் முடிந்துவிடாது. முடிந்ததும் ஆன்ஃப்ளஷ் என்று ஒரு அழைப்பு வரும். அது வரும்வரை ரீடரையும் கால்பேக் பொருளையும் விடக்கூடாது. நீங்கள் ஸ்கிப்பில் எல்லாவற்றையும் உடனே அழிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே கிளம்பிவிட்ட ஒரு ஆன்ரீட்சாம்பிள் (ஃப்ரேம் தயார் என்று சொல்லும் கால்பேக் அழைப்பு) இல்லாத பொருள்மேல் வந்து நிற்கிறது. கால்பேக்குக்கு ஒழுங்கான ரெஃபரன்ஸ் எண்ணிக்கை (அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு) வையுங்கள். ஸ்டாக்கிலோ வேறொரு க்ளாஸின் உள்ளிருந்தோ கொடுத்துவிட்டு எண்ணிக்கையைப் பொய்யாக 1 என்று திருப்பும் கோட் நிறையப் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யாதீர்கள். காத்திருக்கும்போது க்யூ லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். ஆன்ரீட்சாம்பிள் அதே லாக்குக்கு நிற்கும், ஆன்ஃப்ளஷ் வராது, இரண்டு பேரும் எதிரெதிரே நின்றுவிடுவார்கள்.

ப்ரேக்பாயிண்ட்: உங்கள் த்ரெட்டுகள் நின்றாலும் சுவர்க் கடிகாரம் நிற்பதில்லை. 40 விநாடி, விநாடிக்கு 30. தொடர்ந்ததும் உங்கள் கோட் 1,200 ஃப்ரேம் பின்தங்கிவிட்டதாக நினைத்து அவ்வளவையும் ஓடிப் பிடிக்கப் பார்க்கிறது. வீடியோ நேரத்தைக் கடிகாரத்திலிருந்து எடுக்காமல், ஒலி உண்மையில் எத்தனை சாம்பிள் வாசித்தது என்பதிலிருந்து எடுங்கள். ஒலி விநாடிக்கு 48,000 சாம்பிள் என்றால் 48,000ஆல் வகுத்தால் விநாடி. ஒலி கேமோடு சேர்ந்து நின்றால் வீடியோவும் நிற்கும். உதடும் குரலும் பொருந்துவதற்கும் இதுவே நல்ல வழி. ஒலியில்லாத வீடியோவுக்கு, ஒரு சுற்றில் கூட்டும் நேரத்துக்கு 100 மில்லிவிநாடி போல ஒரு உச்சவரம்பு போதும். இது டீபக்கருக்காக மட்டும் இல்லை. மடிக்கணினியை மூடித் திறப்பவருக்கும் இதே நிலைமைதான்.


கல்மழை | வெள்ளி, காலை 10:20

லினக்ஸில் ஜிடிபி என்ற டீபக்கரில், யூனிட்டி கேம் எஞ்சினில் செய்த பில்டை ஓட்டுகிறேன். வீடியோ தொடங்கும் நேரத்தில் எஸ்ஐஜி-பிடபிள்யூஆர் என்ற சிக்னலைக் காட்டி நின்றுவிடுகிறது. கன்டினியூ கொடுத்தால் எஸ்ஐஜி-எக்ஸ்சிபியு. மறுபடி முதலாவது. இதுவும் விடுவித்த நினைவகம்தானா அக்கா, அண்ணா யாராவது சொல்லுங்கள். நான் கல்லூரி இறுதியாண்டு, இதுதான் என் ப்ராஜெக்ட்.


ஓலைச்சுவடி | வெள்ளி, காலை 10:50

இல்லைம்மா, பயப்படாதே. இது பழைய_பைட் சொன்ன மூன்றாவது வகை, க்ராஷே இல்லை. யூனிட்டியின் குப்பை சேகரிப்பான் (பயன்படாத நினைவகத்தை மீட்கும் பகுதி) வேலை செய்யும்போது எல்லாத் த்ரெட்டையும் நிறுத்தவும் மறுபடி ஓடவிடவும் அந்த இரண்டு சிக்னலைத்தான் பயன்படுத்துகிறது. ஜிடிபி அவற்றை ஆபத்து என்று நினைத்து நிறுத்துகிறது. ஜிடிபி-யின் ஹேண்டில் கட்டளையில் இரண்டு சிக்னல் பெயரையும் கொடுத்து, நிறுத்தாதே, அச்சிடாதே, நிரலுக்கு அனுப்பிவிடு என்று சொல். வீடியோ தொடங்கும்போது நிறைய நினைவகம் கேட்பதால் சேகரிப்பான் அந்த நேரத்தில் விழித்திருக்கும், அதனால் வீடியோவோடு சேர்ந்து தெரிகிறது. எஸ்ஐஜி-செக்வி (தவறான நினைவகத்தைத் தொட்டதற்கான சிக்னல்) வந்தால் மட்டும் ஸ்டாக்கை இங்கே போடு.


கல்மழை | வெள்ளி, மதியம் 12:05

சரியாகிவிட்டது அக்கா. நிற்காமல் ஓடுகிறது. மிக்க நன்றி.


மின்மினி | வெள்ளி, மாலை 6:30

நான் முதலில் கட்சீனைத் தவிர்க்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இன்று என் பழைய ப்ராஜெக்டை டீபக் ஹீப் போட்டு ஓட்டினேன். வீடியோவில் ஒன்றுமில்லை. ஆனால் மெனுவிலிருந்து வெளியேறும்போது எஃப்இஇஇ வந்தது. வெளியேறும்போது வரும் க்ராஷ்தானே என்று ஒரு வருடமாக விட்டு வைத்திருந்தது அதுதான்.


கூழாங்கல் | சனி, இரவு 9:15

ஸ்கிப் சரியாகிவிட்டது. ஆன்ஃப்ளஷ் வரும்வரை ரீடரை ஒரு ஓரமாக வைத்துவிட்டு கேமை நகரவிடுகிறோம், அதனால் அழுத்தியதும் தாமதம் தெரிவதில்லை. 200 முறை ஸ்கிப் செய்யும் ஒரு சிறு சோதனை எழுதி ஓட்டினேன், விழவில்லை. நேரத்தை ஒலிச் சாம்பிளுக்கு மாற்றியதில் ப்ரேக்பாயிண்ட் பிரச்சினையும் போய்விட்டது.

நான்கு கணினியிலும் டீபக் ஹீப் குறியைப் போட்டு வைத்திருக்கிறோம். கேம் திறக்கக் கொஞ்சம் நேரமாகிறது, பரவாயில்லை. இன்று மாலையே தறிநாடா கணினியில் சப்டைட்டில் ஏற்றும் இடத்தில் விழுந்தது. மறுபடியும் முழுக்க எஃப். ரெஜிஸ்டரைப் பார்த்தோம், இம்முறை "பேட் ஃபுட்". ஃபான்ட் பாயிண்டருக்கு யாரும் மதிப்பே கொடுக்கவில்லை. அதை எழுதியது நான்தான், இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன்.

பேஜ் ஹீப்பையும் அணைத்துவிட்டேன் ஐயா.